கழற்றி மாட்டும் வளையங்கள்

பெவ்ரோனியா பெஸ்ட்ரிகாஃபை இனிமேல் சமையல்காரி என்று முதலில் சொன்னவன் அவளுடைய சொந்தத் தம்பி நெஸ்டர். சொன்ன பிறகும் அவன் முழுப் பல்லோடு நடமாடினான் என்றால் அதற்கு அவளுடைய பொறுமைதான் காரணம். அவளுக்குப் பொறுமை என்று ஒன்று உண்டு என்பதே எங்கள் ஊருக்கு அந்த வருடம்தான் தெரிந்தது.

கோடியாக் தீவின் தென்கரையில் எங்கள் ஊரில் பிறந்தவர்கள் எல்லாரும் கோடையில் சால்மன் வலைப் படகில் ஏறுவார்கள். அவளும் ஏறினாள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அப்பாவின் கரடி வேட்டை முகாமுக்குப் போனாள். வெளியூர்க்காரர்கள் விமானமேறி வந்து கரடி சுட வேண்டுமென்றால் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் துப்பாக்கியோடு கூடவே போக வேண்டும். வந்தவர் சரியாகச் சுட்டால் வழிகாட்டிக்கு வேலை இல்லை. தப்பாகச் சுட்டால், காயம்பட்ட கரடியைத் தேடிப் போய் முடிக்க வேண்டியது வழிகாட்டியின் பொறுப்பு. பெவ்ரோனியா பாதி ஆயுளுக்கு மேல் அந்தப் பொறுப்பைச் சுமந்தவள். நடுவில் அனடோலி என்ற ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். படகு வாங்கி வருகிறேன் என்று சியாட்டிலுக்குப் போனவன் படகும் வாங்கவில்லை, திரும்பி வரவும் இல்லை. அவளும் அவனைத் தேடவில்லை. மகளை வளர்த்து ஆளாக்கி ஆங்கரேஜுக்கு அனுப்பிவிட்டு, சீசன் தவறாமல் முகாமுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அப்பா செத்ததும் முகாம் நெஸ்டருக்குப் போயிற்று. பெரியவள் அவள், அனுபவம் அவளுடையது, ஆனால் முகாம் பையனுக்கு. இதைப் பற்றி ஊரில் யாரும் வாய் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. காட்டில் நடக்க விட்டால் போதும், கணக்கு வழக்கை அவனே கட்டிக்கொண்டு அழட்டும் என்று இருந்துவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு என்று நான் சொல்வேன்.

அவளுக்கு மிஞ்சியது அப்பாவின் த்ரீ செவன்டி ஃபைவ் துப்பாக்கி. கரடியை நிறுத்தும் துப்பாக்கி என்றால் சும்மாவா, சுடுகிறவர் தோளையும் ஒரு கை பார்த்துவிடும். புதிதாகச் சுடுகிறவர்கள் ஒரு தடவை சுட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். அதன் மேல் தொலைநோக்கி கிடையாது. வழிகாட்டியின் துப்பாக்கியில் தொலைநோக்கி இருக்கக் கூடாது என்பது அப்பா தன் முகாமில் வைத்திருந்த சட்டம். காரணமில்லாத சட்டமும் அல்ல. எங்கள் மழையில் அதன் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். ஆல்டர் புதருக்குள் கரடி பத்தடியில் எழுந்தால் தொலைநோக்கியில் வெறும் பழுப்பு மயிர்தான் தெரியும், அது தலையா வாலா என்று விளங்காது. குழலின் முனையில் ஒரு மணி, பின்னால் ஒரு வெட்டு, இரண்டையும் நேர்ப்படுத்திச் சுட வேண்டியதுதான்.

ஐம்பதைத் தாண்டினால் அந்த மணியும் வெட்டும் கரைய ஆரம்பிக்கின்றன. பெவ்ரோனியாவுக்கும் கரைந்தன. தூரத்து மலையில் ஆடு மேய்வது பளிச்சென்று தெரியும், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வெட்டு புகைபோலத் தெரியும். படிக்கிற கண்ணாடியைப் போட்டால் வெட்டு தெரியும், மலை மறைந்துவிடும். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

போன இலையுதிர் காலத்தில் குட்டு உடைந்தது. வந்தவர் சுட்ட குண்டு கரடியின் பின்வயிற்றில் பட்டது. கரடி அவள் பக்கமாகத் திரும்பி, சரிவில் ஏறி ஓடியது. அவள் துப்பாக்கியைத் தூக்கினாள். கரடி தெரிந்தது, மணி தெரியவில்லை. குருட்டாம்போக்கில் சுட அவளுக்கு மனம் வரவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து நெஸ்டர் ஓடிவந்து சுட்டு முடித்தான். அன்றைக்குச் சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் சொன்னான்.

"அக்கா, உன் காடு முடிஞ்சுது. வர்ற வசந்தத்திலேருந்து நீ அடுப்பைப் பார்த்துக்கோ. வேற ஆளைப் போட்டுக்கறேன்."

"என் கண்ணுக்குத்தானே வயசாச்சு. காலுக்கா, கைக்கா?"

"கரடிக்கு அதெல்லாம் தெரியாது."

அவள் எழுந்து போனாள். ஊருக்குத் திரும்பியதும் நீராவிக் குளியல் அறையில் போய் உட்கார்ந்து சூடான கல்லில் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். கூட இருந்த பெண்கள் சூடு தாங்காமல் ஒவ்வொருவராக வெளியே ஓடினார்கள். அவள் நகரவில்லை. அங்கேயே முடிவு செய்துவிட்டாள். அடுப்படிக்குப் போகப்போவதில்லை.

குளிர்காலத்தில் சின்ன விமானத்தைப் பிடித்து கோடியாக் நகரத்துக்குப் போனாள். வெர்ஜீலியோ அசுன்சியோன் என்று ஒரு பிலிப்பினோக்காரன் அங்கே துப்பாக்கி பழுது பார்க்கிறான். கோடையில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை, குளிர்காலத்தில் கராஜில் துப்பாக்கி. அவனுடைய வலது புருவத்தில் பிறை மாதிரி ஒரு தழும்பு. உதைக்கிற துப்பாக்கியில் தொலைநோக்கியைக் கண்ணுக்கு ரொம்பக் கிட்டே மாட்டிவிட்டு ஒருநாள் அவனே சுட்டுப் பார்த்ததன் பலன்.

"வா அக்கா," என்றான். மூத்த பெண்கள் எல்லாரும் அவனுக்கு அக்காதான். "உனக்குத் தொலைநோக்கி வேணும்னு கேள்விப்பட்டேன். உங்கப்பா கல்லறையில புரண்டு படுப்பாரு."

"புரளட்டும். ரொம்ப நாளா ஒரே பக்கமா படுத்திருக்காரு. எனக்கு மாட்டவும் வேணும், கழட்டவும் வேணும். திறந்த வெளியில மாட்டிச் சுடணும். புதருக்குள்ள போறப்ப கழட்டிப் பையில போட்டுக்கணும். திரும்ப மாட்டினா முன்னே போன இடத்துக்கே குண்டு போகணும்."

"பெட்டியில அப்படித்தான் எழுதியிருக்கு."

"பெட்டி என்கூட கரடிக்கு வராது. சாமானை எடு."

வெர்ஜீலியோ மேசை மேல் பரப்பினான். தொலைநோக்கியைப் பிடித்துக்கொள்ள முன்னும் பின்னும் ஒவ்வொரு வளையம். அந்த வளையங்களைத் துப்பாக்கியின் மேல் முடுக்கிய அடித்தகட்டோடு பூட்ட ஒரு திருகோ லீவரோ இருக்கும். கேட்பதற்கு இவ்வளவுதான். அதற்குள் எத்தனை ரகம், எத்தனை புளுகு.

முதல் ஜோடியை அவள் கையில் எடுத்தாள். காகிதம் மாதிரி இருந்தது.

"இது ஏன் இவ்வளவு லேசு?"

"அலுமினியம். தூக்கிட்டு நடக்க சுகமா இருக்கும்."

"சுகம் வேணும்னா வீட்டுல படுத்திருப்பேன். இந்தத் துப்பாக்கி உதைச்சா இது நெளிஞ்சுடாது?"

"சின்னத் துப்பாக்கிக்கு நல்லது."

"அப்ப சின்னத் துப்பாக்கிக்காரனுக்கு வித்துக்கோ."

அடுத்த ஜோடி உயரமானது. தொலைநோக்கியைக் கழற்றாமலே அடியில் இருக்கும் சந்து வழியாகப் பழைய மணியையும் பார்க்கலாம் என்றான். அவள் துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். தொலைநோக்கி வழியாகப் பார்க்க வேண்டுமென்றால் கன்னம் கட்டையை விட்டு எழும்ப வேண்டியிருந்தது.

"எட்டி எட்டிப் பார்க்க நான் கொக்கா? இதோட சுட்டா என் தாடையில விழும். இருக்கறதுலயே குட்டை ஜோடியை எடு."

மூன்றாவது ஜோடியில் லீவர் கிடையாது, விரலால் திருகும் குமிழ்கள். அவள் கம்பளிக் கையுறையை மாட்டிக்கொண்டு, வாசலில் இருந்த பனித் தண்ணீர் வாளியில் கையை முக்கி எடுத்து வந்து திருகினாள். வழுக்கியது. மறுபடி திருகினாள். குமிழ் கழன்று கராஜ் தரையில் உருண்டு எங்கேயோ போயிற்று. வெர்ஜீலியோ குனிந்து தேடினான்.

"தேடாதே. கரடி அதுவரைக்கும் காத்துக்கிட்டு நிக்காது."

கடைசியில் எஃகு வளையங்கள் இரண்டு ஜோடி மிஞ்சின. இரண்டும் குட்டை, இரண்டிலும் லீவர். பார்க்க அக்காதங்கை மாதிரி இருந்தன. வெர்ஜீலியோ எதையாவது எடுத்துக்கொள் என்றான். பெவ்ரோனியா சுவரில் தொங்கிய சால்மன் வலைத் துண்டு ஒன்றை எடுத்து, மாட்டியிருந்த வளையங்களின் மேல் முன்னாலிருந்து பின்னால் இழுத்தாள். முதல் ஜோடியில் லீவரின் முனை முன்பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. வலை அதில் மாட்டியது, இழுத்த இழுப்பில் லீவரே திறந்துகொண்டது. ஆல்டர் குச்சியும் அதைத்தான் செய்யும். இரண்டாவது ஜோடியில் லீவர் பின்னோக்கி மடங்கித் தகட்டோடு ஒட்டிக் கிடந்தது. வலை வழுக்கிக்கொண்டு போயிற்று.

"இது," என்றாள்.

அடித்தகட்டுக்குத் துப்பாக்கியில் ஏற்கெனவே இருந்த திருகுத் துளைகள் சின்னவை. அவற்றில் போடும் திருகுகள் இந்த உதையில் அறுந்துவிடும் என்று வெர்ஜீலியோவே துளைகளைப் பெரிதாக்கித் தடித்த திருகுகளைப் போட்டான். தொலைநோக்கியும் சின்னதாக, கனமில்லாததாகப் பார்த்து எடுத்தார்கள். கனமான தொலைநோக்கி உதைக்கும்போது வளையத்தைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். லீவர்களை இடப்பக்கம் வைத்தான், காலித் தோட்டா வலப்பக்கம் பறப்பதால். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நல்ல இடைவெளி விட்டான். அந்த விஷயத்தில் அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புருவத்தைத் தடவிக்கொண்டே அளந்தான்.

ஏப்ரல் பிறந்ததும் முகாமுக்குப் படகேறினார்கள். வேட்டைக்காரர் வர இன்னும் நாள் இருந்தது. நெஸ்டர் அவளுடைய துப்பாக்கியைப் பார்த்தான், வளையங்களைத் தட்டினான், சிரித்தான்.

"கழட்டி மாட்டினா அதே இடத்துல அடிக்குமா?"

"அடிக்கும்."

"அடிச்சா காட்டுக்கு வா. அடிக்கலைன்னா வாயைத் திறக்காம அடுப்புக்குப் போ. சம்மதமா?"

"சம்மதம்."

கடற்கரையில் மரக்கட்டை ஒன்றின் மேல் பெரோக் என்ற எங்கள் மீன் அப்பம் சுடும் தகரத் தட்டைச் சாய்த்து வைத்தான். அவள் சுட்டாள். தட்டின் நடுவில் ஓட்டை. தொலைநோக்கியைக் கழற்றினாள், மாட்டினாள், சுட்டாள். தட்டுக்கு மேலே போய்ப் பாறையில் பட்டது. மறுபடி கழற்றி மாட்டினாள். இந்த முறை மணல் தெறித்தது. மூன்றாவது முறை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. நெஸ்டர் போய்த் தட்டை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தான்.

"ஒரு ஓட்டைதான். மாவை வச்சு அடைச்சா பெரோக் ஒழுகாது."

அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வளையங்களைப் பிடுங்கிக் கடலில் வீசிவிடலாமா என்று தோன்றியது. வீசவில்லை. சமையல் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தாள். சம்மதம் என்று அவள்தானே சொன்னாள். சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்டு உருளைக்கிழங்கை உரித்தாள். உரிக்க உரிக்க மனசு ஆறவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு துப்பாக்கியை மடியில் எடுத்துப் போட்டு, வளையங்களைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அடித்தகடு முழுக்க கிரீஸ்.

போட்டது அவளேதான். ஊரில் இரும்பு எது கைக்கு வந்தாலும் நாங்கள் முதலில் செய்வது அதுதான். கதவுக் கீல், படகு எஞ்சின், கத்தி, குழந்தையின் சைக்கிள், எல்லாவற்றுக்கும் ஒரு விரல் படகு கிரீஸ். உப்புக் காற்றில் பூசாத இரும்பு ஒரு வாரத்தில் சிவந்துவிடும். வளையங்களை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே யோசிக்காமல் பூசிவிட்டாள். யோசித்துச் செய்கிற காரியமா அது. அந்த கிரீஸில் இப்போது ஒரு தடம் தெரிந்தது. வளையத்தின் குறுக்குக் கட்டை தகட்டின் பள்ளத்துக்குள் முன்பக்கமாகச் சறுக்கிப் போயிருந்தது. ஒரு தடமல்ல, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தடம்.

அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வேகமாக வந்த படகு கரையில் முட்டி நின்றால் உள்ளே இருக்கிற பெட்டி, கூடை, ஆள் எல்லாம் முன்னுக்குச் சரியும். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது மேலே இருக்கிற தொலைநோக்கியும் அப்படித்தான் முன்னுக்குச் சரிகிறது. கட்டைக்கும் பள்ளத்தின் சுவருக்கும் இடையில் ஒரு மயிரிழை இடம் இருந்தால் போதும், கிரீஸ் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் போய் உட்காரும்.

அடுப்புக்கு ஊற்றும் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தகட்டையும் வளையத்தையும் வெறும் எஃகு தெரியத் துடைத்தாள். அது காய்ந்ததும் வளையத்தைப் பள்ளத்தில் வைத்து, பூட்டுவதற்கு முன்னால் கட்டை விரலால் முன்சுவரோடு முட்டும்வரை தள்ளினாள். தள்ளியபடியே லீவரை மடக்கினாள். துரு பிடித்தால் பிடிக்கட்டும். துருவைச் சுரண்டிக்கொள்ளலாம்.

சரியா என்று பார்க்கச் சுட முடியாது. முகாமின் சட்டப்படி, முகாம் போட்ட முதல் நாள் போய்விட்டால், அப்புறம் வேட்டைக்காரர் வந்து இறங்கும் நாளில் அவருடைய துப்பாக்கியைச் சரிபார்க்கும் குண்டுகள் மட்டும்தான் பள்ளத்தாக்கில் வெடிக்கலாம். மற்ற சத்தம் கேட்டால் கரடிகள் அடுத்த விரிகுடாவுக்குப் போய்விடும். ஆகையால் காத்திருந்தாள்.

கடல் விமானத்தில் வந்து இறங்கியவர் ஹாலிஸ் டெம்ப்ளர், நெப்ராஸ்காவில் மாட்டு வைத்தியர். அமைதியான மனுஷன். தன் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார். அப்போது பெவ்ரோனியா முழங்கை வரை மாவோடு கூடாரத்திலிருந்து வந்தாள், தோளில் துப்பாக்கி.

"என் பங்குக்கும் ஒரு தட்டு வைங்க," என்றாள்.

"அக்கா, அந்தப் பேச்சு முடிஞ்சுபோச்சு," என்றான் நெஸ்டர்.

"உன்கிட்ட இல்ல. இவர்கிட்ட கேட்டேன்."

டெம்ப்ளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போய்த் தட்டை வைத்தார். அவள் சுட்டாள். தொலைநோக்கியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். திரும்ப வாங்கி, வைத்து, முன்னுக்குத் தள்ளி, மடக்கி, சுட்டாள். மறுபடியும் கழற்றிக் கொடுத்தாள். கடைசியில் தட்டை அவரே எடுத்து வந்தார். ஓட்டைகளை எல்லாம் ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம்.

"பிரமாதம்," என்றார்.

நெஸ்டர் தட்டை வாங்கிப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு கீழே போட்டான்.

"அடுப்புல ஏதோ தீயுது, அக்கா."

அந்த நிமிஷம் அவளுக்கு விளங்கியது. இத்தனை நாளும் தன் கண்ணோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். கண்ணல்ல விஷயம். அக்கா காட்டில் இருக்கும்வரை வந்தவர்கள் எல்லாம் அவளிடம்தான் கேட்பார்கள், எந்தச் சரிவு, எந்தக் காற்று என்று. கண் அவனுக்குக் கிடைத்த சாக்கு.

"தீயட்டும்," என்றாள். "உனக்கு என் கண்ணு சரியாயிடுச்சேன்னு வருத்தம். அடிச்சா காட்டுக்கு வான்னு சொன்னது நீ. இப்ப வார்த்தை மாறறதும் நீ. அப்பாவோட முகாம் உனக்கு வந்துச்சு, அவரோட வாய் சுத்தம் வரல."

நெஸ்டரின் முகம் சிவந்தது. வேட்டைக்காரர் முன்னால் சண்டை வேண்டாம் என்று நடந்துவிட்டான். அவள் தினமும் சமைத்தாள். துப்பாக்கியைப் பெட்டியில் வைக்கவில்லை, அடுப்புப் பக்கத்தில் கைக்கெட்டும் இடத்தில் சாய்த்து வைத்தாள். தினமும் தகட்டைத் துடைத்தாள். அவன் வந்து போகும்போதெல்லாம் அது கண்ணில் படும்படி வைத்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மழை பல நாள் விடாமல் பெய்து, ஒரு மத்தியானம் விட்டது. தூரத்தில் ஒரு குண்டுச் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு ரேடியோவில் நெஸ்டரின் குரல்.

"அக்கா, கொஞ்சம் பின்னால பட்டுடுச்சு. ஆல்டருக்குள்ள போயிடுச்சு."

அதற்கு மேல் அவன் பேசவில்லை. காயம்பட்ட கரடி இருக்கும் ஆல்டருக்குள் யாரும் தனியாகப் போவதில்லை. புதிதாகப் போட்டிருந்த ஆள் முதுகு பிடித்துக்கொண்டது என்று ஊருக்குப் போயிருந்தான். ஆகவே இது கேள்வி. ஆனால் வாய் விட்டுக் கேட்க அவனுக்கு முடியவில்லை.

"கேளு," என்றாள் ரேடியோவில்.

"வர்றியா, அக்கா?"

அடுப்பை அணைத்துவிட்டுப் படகைத் தள்ளினாள்.

சரிவின் அடியில் நெஸ்டரும் டெம்ப்ளரும் நின்றார்கள். டெம்ப்ளரின் முகம் வெளுத்திருந்தது. "என் தப்புதான்," என்றார். மிருகங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவருக்கு அது எங்கே வலிக்கும் என்று தெரியும். அவரை அங்கேயே நிற்கச் சொன்னார்கள். பெவ்ரோனியா இரண்டு லீவரையும் திறந்து, தொலைநோக்கியைக் கழற்றி, கம்பளிக் காலுறை ஒன்றுக்குள் சொருகி, கோட்டின் உள்பையில் வைத்தாள்.

"என் பின்னால வா," என்றான் நெஸ்டர்.

"பக்கத்துல வருவேன்."

இலை துளிர்க்காத பருவம். ஆல்டர் தண்டுகள் குளிர்காலப் பனியின் பாரத்தில் வளைந்து வளைந்து இடுப்பளவில் பின்னிக் கிடந்தன. ஒரு காலைத் தூக்கினால் இன்னொரு கால் மாட்டும். தண்டுகளில் அங்கங்கே ரத்தம் துடைத்த மாதிரி இருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. கரடிக்குப் பயப்படாதவர் யாரும் எங்கள் ஊரில் வயதானதில்லை. வெட்டு வழக்கம்போலப் புகையாகத்தான் தெரிந்தது, ஆனால் குழல் முனையில் வெள்ளைப் படகு பெயின்ட் தடவிய மணி தெரிந்தது. இவ்வளவு கிட்டத்தில் அது போதும். குச்சிகள் துப்பாக்கியின் மேல் உரசிக்கொண்டு போயின, எதுவும் மாட்டவில்லை.

மேலே ஏதோ முறிந்தது. பிறகு புதரே அசைந்தது. கரடி அவர்கள் பக்கம் வரவில்லை. மேல்பக்கமாகப் புதரைக் கிழித்துக்கொண்டு போகிற சத்தம், தண்டுகள் படபடவென்று ஒடிகிற சத்தம். இரண்டு பேரும் தவழ்ந்தும் விழுந்தும் விளிம்புக்கு வந்தபோது கரடி ஓடையைத் தாண்டி எதிர்ச்சரிவின் வெள்ளைப் பனியில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பின்னங்காலை இழுத்துக்கொண்டு, ஆனால் நிற்காமல். மேலே முகடு. முகட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் முழுக்கப் பாறையும் மேகமும். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. குடலில் குண்டோடு எங்கேயோ போய்ப் படுத்து நாள் கணக்கில் சாகும்.

நெஸ்டர் நின்றபடியே சுட்டான். கரடிக்குக் கீழே பனி தெறித்தது. மறுபடி சுட்டான். இன்னும் கீழே தெறித்தது. அவன் கண் நல்ல கண்தான். தூரம் அந்த மணிக்கு மிஞ்சின தூரம்.

பெவ்ரோனியா பனியில் உட்கார்ந்தாள். கோட்டுக்குள் கையை விட்டுக் காலுறையை எடுத்தாள். அதை உருவி எறிந்தாள்.

"இப்பவா அக்கா அதை மாட்டுவே? சுடு, அக்கா."

"வாயை மூடு."

தகட்டின் மேல் ஒட்டியிருந்த பட்டைத் துணுக்கைக் கட்டைவிரலால் துடைத்தாள். வளையங்களைப் பள்ளத்தில் வைத்தாள். அவசரத்தில் அப்படியே மடக்கிவிடச் சொன்னது கை, அவள் கேட்கவில்லை. முன்சுவரில் முட்டும்வரை தள்ளினாள். ஒரு லீவர். இன்னொரு லீவர். முழங்காலில் முழங்கையை ஊன்றிக் கண்ணை வைத்தாள். கரடி தெளிவாக இருந்தது. தோளில் ஈர மயிர் சரம் சரமாகப் பிரிந்திருப்பது தெரிந்தது. போன வருடம் தெரியாமல் போனதெல்லாம் இப்போது தெரிந்தது. மூச்சைப் பாதியில் நிறுத்திச் சுட்டாள்.

துப்பாக்கி உதைத்துக் கண்ணை விட்டு எழும்பியது. திரும்பத் தணிந்து பார்த்தபோது கரடி பனியில் கவிழ்ந்து கிடந்தது. மெதுவாகச் சறுக்க ஆரம்பித்து, சறுக்கிக்கொண்டே ஓடை வரை வந்தது. அவள் இன்னொரு குண்டையும் போட்டாள், அது இனி எழுந்திருக்கக் கூடாது என்று. பிறகு சிலுவை போட்டுக்கொண்டாள். அழுகை வந்தது, அழுதாள். தம்பி பார்க்கிறானே என்று முகத்தைத் திருப்பவில்லை.

நெஸ்டர் அவள் எறிந்த காலுறையைப் பனியிலிருந்து எடுத்து உதறிக் கொடுத்தான். டெம்ப்ளர் வந்து சேர்ந்து அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

தோலை உரித்துப் படகேற்றி முகாமுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலச் செய்தி நேரம். தென்கரையில் இருக்கிற படகுகள், முகாம்கள், வீடுகள் எல்லாம் அந்த நேரத்தில் ஒரே அலைவரிசையில் காதை வைத்திருக்கும். யாருக்கு மீன், யாருக்கு எஞ்சின் கோளாறு, எல்லாம் அப்போதுதான் தெரியும். நெஸ்டர் ஈரக் கோட்டோடு உட்கார்ந்து மைக்கை எடுத்தான்.

"கரடி விழுந்துடுச்சு. பெரிய ஆண். காயத்தோட முகட்டை ஏறப் பார்த்துச்சு. நாங்க நிறுத்திட்டோம்."

"முகட்டுலயா? அவ்வளவு தூரத்துல யாரு சுட்டது?" என்று எங்கள் மத்ரோனா சித்தியின் குரல் வந்தது. ரேடியோவை அணைக்காமலே தூங்குகிறவள் அவள்.

"நாங்கதான் சித்தி," என்றான் நெஸ்டர். "முகாம்காரங்கதான்."

பெவ்ரோனியா அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எட்டி அவன் கையிலிருந்து மைக்கை எடுத்தாள். அவன் விடவில்லை. அவள் இன்னொரு தடவை இழுத்தாள், விட்டான்.

"பெவ்ரோனியா பேசறேன்," என்றாள். "சுட்டது நான். தொலைநோக்கியைக் கழட்டிட்டு ஆல்டருக்குள்ள போனேன், வெளிய வந்து மாட்டிச் சுட்டேன். என் தம்பி பனியைத்தான் ரெண்டு தடவை சுட்டான். இன்னொரு விஷயம், எல்லாரும் கேட்டுக்கோங்க. நாளைக்கு இந்தப் பக்கம் படகு வந்தா, பெரோக் சுடத் தெரிஞ்சவங்க யாராவது ஏறி வாங்க. இந்த முகாம்ல சமையலுக்கு ஆள் இல்ல."

மைக்கைத் திரும்ப நெஸ்டரின் கையிலேயே வைத்தாள். ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. பிறகு மத்ரோனா சித்தி கேட்டாள்.

"நெஸ்டரு, உன் காதுல விழுந்துச்சா?"

அவன் பொத்தானை அழுத்தினான். விட்டான். மறுபடி அழுத்தினான்.

"விழுந்துச்சு சித்தி. ஆள் வேணும்."